சசெக்ஸில் உள்ள ஆல்ஃபிரிஸ்டன் கிளர்ஜி ஹவுஸ் நேரில் போய்ப் பார்க்கும் அளவுக்கு என்ன விசேஷம்?

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 'பாதிரியார் மாளிகை' என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். அது மாளிகை அல்ல; முதலில் பாதிரியாருக்காகத்தான் கட்டினார்களா என்பதே சந்தேகம். வசதியான விவசாயியின் வீடு என்பாரும் உண்டு.

தேவாலயத்தை ஒட்டி நிற்கும் அந்தக் கூரை வீட்டைப் பார்த்ததும் என் மனைவி, "இதற்கா இவ்வளவு தூரம் கார் ஓட்டினீர்கள்?" என்றாள். கோபம் வந்தது, பதில் வரவில்லை. உள்ளே போனதும் அவளே குனிந்து தரையைத் தடவினாள். சுண்ணப்பாறையை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி இறுக்கிய தரை என்று அங்கிருந்த தன்னார்வலர் சொன்னார். சாணம் மெழுகிய தரையில் வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சுமார் 600 ஆண்டுப் பழமையான ஓக் மரச்சட்ட வீடு. நடுவில் கூரைவரை திறந்த கூடம். இரு பக்கமும் மாடி. மாடிகள் முன்னால் துருத்தி நிற்பதால் நடுப்பகுதி உள்வாங்கியதுபோல் தெரியும். கூரை மட்டும் ஒரே நேர்கோட்டில் ஓடுவதால், நடுவே அந்தரத்தில் நிற்கும் உத்தரத்தை வளைந்த கட்டைகள் தாங்குகின்றன. அந்த வளைவுக்காகவே போகலாம். அந்தக் காலத்தில் கூடத்தின் நடுவே தீ எரியும். புகை கூரை வழியே கசிந்து போகும். கட்டடக்கலை படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் வெறும் எலக்ட்ரீஷியன், கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்க 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு, மறு ஆண்டே 10 பவுண்டு கொடுத்து வாங்கிய முதல் கட்டடம் இதுதான். இடிந்து விழும் நிலையில் இருந்ததைப் பழுதுபார்த்தார்கள். கூடத்தின் மேல்விளிம்பில் செதுக்கிய ஓக் இலை ஒன்று இருக்கிறது; டிரஸ்டின் சின்னமே அதிலிருந்து பிறந்தது என்கிறார்கள். ஆதாரம் கேட்காதீர்கள்.

அங்கே சுவர்கள் பின்னிய குச்சியும் மண்பூச்சும்தான். ஈரம் ஏறினாலும் வெளியேறிவிடும். எங்கள் பழைய செங்கல் வீட்டுக்கு வந்த ஒப்பந்தக்காரரிடம், அதுபோலவே ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சு கேட்டேன். சிரித்துவிட்டு சிமெண்ட் பூசிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். இரண்டே மழைக்காலத்தில் சுவர் முழுக்கப் பூஞ்சை. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதே இல்லை. இப்போது அந்த மூலையில் பீரோவை நகர்த்தி வைத்திருக்கிறோம்.