பத்தாவது செங்கோட்டையில், பிளஸ் டூ புனலூரில்: எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எந்தக் கல்லூரிகளை எழுதுவது?

கேள்வி: எங்கள் வீடு புளியரையில். மகள் 6 முதல் 10 வரை செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தாள். கணவருக்குப் புனலூரில் வேலை என்பதால் பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் அங்கே, கேரளப் பாடத்திட்டம். அவள் பிறந்ததும் புனலூர் ஆஸ்பத்திரியில்தான். கணவரும் நானும் பிறந்து படித்தது தென்காசிப் பக்கம், பிசி வகுப்பு. நீட் எழுதியிருக்கிறாள், கேரளத்து மருத்துவச் சேர்க்கைக்கான கீம் விண்ணப்பமும் போட்டாயிற்று. இரண்டு மாநிலத்திலும் கலந்துகொள்ளலாம் என்கிறார்கள். எந்தக் கல்லூரிகளை, எந்த வரிசையில் எழுதுவது? 7.5 சதவீதம் கிடைக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை ஏழு வகுப்பையும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இரண்டு வருடம் எல்லை தாண்டியதால் மகளுக்கு அது இல்லை. அதை மனதில் வைத்துக் கட் ஆஃப் பார்க்காதீர்கள்.

கல்லூரிப் பெயர்களுக்குப் போகும் முன் மகள் எந்த மாநிலத்துப் பிள்ளை என்பதை முடிவு செய்ய வேண்டும். எல்லையோரக் குடும்பங்கள் இடறி விழுவது இங்கேதான். கேரள விதியில், மாணவரோ பெற்றோரில் ஒருவரோ கேரளத்தில் பிறந்திருந்தால் 'கேரளீயர்' என்று கோரலாம். பிரசவத்துக்குப் புனலூர் போனதாலேயே உங்கள் மகளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. பெற்றோர் இருவரும் தென்காசிக்காரர்கள் என்பதால் தமிழ்நாட்டுக் கதவும் திறந்திருக்கிறது. ஆனால் இரண்டு மாநிலத்தில் ஒரே நேரத்தில் நேட்டிவிட்டி (இந்த மாநிலத்தவர் என்ற உரிமை) கோரினால் தமிழ்நாடு தேர்வுக் குழு விண்ணப்பத்தையே தள்ளிவிடும், சேர்ந்த பிறகு தெரிந்தாலும் சீட் போகும். "போட்டு வைக்கலாம்" என்று சொல்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

உங்களுக்குத் தமிழ்நாடுதான் லாபம். இங்கே பிசிக்கு 26.5 சதவீதம், அதற்குக் கிரீமி லேயர் (வசதி படைத்தவர்களை விலக்கும்) வருமான வரம்பும் கிடையாது. தமிழ்நாட்டு ஜாதிச் சான்று கேரளத்தில் செல்லாது, அங்கே பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். (மூணாறு, பீர்மேடு எஸ்டேட் தமிழர்களில் எஸ்சி பிரிவினர் அங்கே சான்று வாங்க, 1950-க்கு முன்பே குடும்பம் குடியேறியதைக் காட்டச் சொல்வார்கள். அந்த வாசகர்கள் கீம் அறிவிப்பு வருவதற்கு ஒரு வருடம் முன்பே காகிதம் தேடத் தொடங்குவது நல்லது.) சீட் எண்ணிக்கையிலும் ஒப்பீடே இல்லை. தமிழ்நாட்டில் 36 மாநில அரசுக் கல்லூரிகளில் 5,000 இடம், கேரள அரசுக் கல்லூரிகளில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே கீம் தளத்தில் நீட் மதிப்பெண்ணைப் பதிவேற்றாமல் விட்டுவிடுங்கள். பதிவேற்றாதவர் பெயர் அங்கே மருத்துவ ரேங்க் பட்டியலில் வராது.

அப்படியானால் கேரளத்துக் கல்லூரியே கிடையாதா என்றால், உண்டு. எல்லா மாநில அரசுக் கல்லூரிகளிலும் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டில், எம்சிசி (மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழு) நடத்தும் கவுன்சலிங்கில் நிரம்புகிறது. அதற்கு நேட்டிவிட்டி கேட்க மாட்டார்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் 250 இடத்தில் 37 போல அந்தக் கணக்கில் வரும், கொல்லம் பாரிப்பள்ளியிலும் உண்டு. மலையாளத்தில் நோயாளியிடம் வாய் திறந்து பேசத் தெரிந்த உங்கள் மகளுக்கு இவை வெறும் பெயர்கள் அல்ல, உண்மையான விருப்பங்கள். எய்ம்ஸ், ஜிப்மர் எல்லாமே முழுக்க எம்சிசி வழிதான். எம்சிசியில் 27 சதவீத ஓபிசி ஒதுக்கீடு வேண்டுமானால் உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். மாநில பிசி பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும், இதில் 8 லட்சம் கிரீமி லேயர் வரம்பு உண்டு. ஆனால் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. இது தெரியாமல் பொதுப் பிரிவில் பதிவு செய்துவிடுபவர்கள் நிறைய.

எம்சிசியில் ஓபிசிக்குப் பதிவுக் கட்டணம் 500, திரும்பி வரும் டெபாசிட் 5,000. பொதுப் பிரிவுக்கு 1,000, 10,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் டிக் செய்தால் 5,000-மும் 2 லட்சம் டெபாசிட்டும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கட்ட வழி இல்லையென்றால் அந்தக் கட்டத்தைத் தொடவே வேண்டாம்.

இனி வரிசை. சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கல்லூரி விருப்பப் பட்டியல் எழுதுவதில், ஊரே செய்யும் தவறு, 'கிடைக்கும்' என்று தோன்றும் கல்லூரியை மேலே போடுவது. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைத் தந்துவிட்டு நின்றுவிடுகிறது. கிடைக்காத கல்லூரியை மேலே எழுதியதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. கிடைக்கிற கல்லூரியை மேலே எழுதினால் அதற்குக் கீழே எழுதிய நல்ல கல்லூரி வரவே வராது. ஆகவே ஆசை வரிசைதான் எழுத்து வரிசை. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், பத்தோடு நிறுத்துவது வீண் சிக்கனம்.

ஆசை வரிசைக்கு எதை அளவுகோலாக வைப்பது? கட்டடத்தைப் பார்க்காமல் ஓபி கூட்டத்தைப் பாருங்கள். சென்னை (1835), ஸ்டான்லி, மதுரை (1954), திருநெல்வேலி (1965) போன்ற பழைய கல்லூரிகளில் நோயாளி கூட்டம், எல்லாத் துறையிலும் முதுநிலைப் படிப்பு, ராத்திரி மூன்று மணிக்கும் கேள்வி கேட்க ஒரு பிஜி மாணவர் என்று எல்லாம் இருக்கும். தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாததால் உங்கள் பக்கத்து விபத்து, பாம்புக்கடி, சிக்கலான பிரசவம் எல்லாம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் போகின்றன. அங்கே ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருடம் நின்றவருக்குக் கை நன்றாகப் பழகிவிடும். 2022-இல் திறந்த 11 கல்லூரிகளில் விருதுநகர் உங்களுக்குப் பக்கம். புதிய கல்லூரி என்று ஒதுக்க வேண்டாம், ஆனால் ஆசாரிப்பள்ளம் (கன்னியாகுமரி மாவட்டம்), தூத்துக்குடி, தேனி இவற்றுக்குப் பிறகு எழுதினால் போதும்.

வீட்டுக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காகத் திருநெல்வேலியை மதுரைக்கு மேல் எழுதலாமா என்றால், எழுதலாம். இரண்டிலும் 250 இடம், தரத்தில் பெரிய இடைவெளி இல்லை. செங்கோட்டையிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் என்பது ஐந்தரை வருடத்துக்குச் சின்ன விஷயமில்லை.

அரசுக் கல்லூரிகள் அத்தனையும் எழுதிய பிறகு ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீடு, ஆண்டுக்கு நாலரை லட்சம் அளவில். அதற்கும் கீழே மேனேஜ்மென்ட், 13 லட்சத்துக்கு மேல். விடுதி, புத்தகம் வேறு. பணம் எங்கே முடிகிறதோ அங்கே பட்டியலும் முடிய வேண்டும். "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிய கல்லூரி வந்துவிட்டால் பார்த்துக்கொள்ள முடியாது. எம்சிசியில் முதல் ரவுண்டில் கிடைத்ததை விட்டால் நஷ்டமில்லை, இரண்டாம் ரவுண்டில் விட்டால் டெபாசிட் போகும், மூன்றாம் ரவுண்டில் சேர்ந்தால் விலக முடியாது, மிஞ்சிய இடங்களுக்கான கடைசி ஸ்ட்ரே ரவுண்டில் கிடைத்துச் சேராவிட்டால் அடுத்த வருட நீட்டுக்கே தடை. அதனால் எம்சிசி பட்டியலில், மாநிலக் கவுன்சலிங்கில் கிடைக்கக்கூடியதைவிட உங்களுக்குப் பிடித்த கல்லூரிகளை மட்டும் எழுதுங்கள். அப்கிரேடு கேட்டு மேலே ஒன்று கிடைத்தால் பழைய சீட் அந்த நிமிடமே போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய கட் ஆஃப் பார்க்கும்போது மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்கள் பலர், 2025-இல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. ரேங்கை மட்டும் பாருங்கள், அதிலும் எம்சிசிக்கு அகில இந்திய ரேங்க், மாநிலக் கவுன்சலிங்குக்கு மாநிலப் பொது ரேங்கும் பிசி ரேங்கும். இதை அதோடு கலந்துவிட்டால் கணக்கே தலைகீழ்.

காகிதங்கள்: 6 முதல் 12 முழுவதும் இங்கே படிக்காததால் நேட்டிவிட்டி சான்று கட்டாயம். இ-சேவை மையத்தில் வசிப்பிடச் சான்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது வேறு. விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர நாளாகும், நீட் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். கூடவே பெற்றோரில் ஒருவரின் பத்தாம் வகுப்பு அல்லது பட்டச் சான்று, ரேஷன் கார்டு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் தாத்தாவின் பழைய பள்ளிச் சான்றை எடுத்துக்கொண்டு சிலர் வருகிறார்கள், அதற்கு இங்கே வேலையில்லை. கேரள போர்டில் பிளஸ் டூ முடித்ததால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றும் வேண்டும்.

பெயரையும் இன்றே சரிபாருங்கள். நம் பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், கேரள பிளஸ் டூ சான்றில் பெரும்பாலும் பின்னால் இருக்கும். அது மட்டும் மாறினால் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. எழுத்தே மாறியிருந்தால், அதாவது பத்தில் ஒரு 'எச்' இருந்து பிளஸ் டூவில் இல்லையென்றால், சான்று சரிபார்ப்பில் நிறுத்தி வைப்பார்கள். நீட் விண்ணப்பத்தில் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு மாறாக இருப்பது பிளஸ் டூ சான்று என்றால் திருத்தப் புனலூர் பள்ளியிலேயே எழுதிக் கொடுங்கள். டிசி வாங்குவதற்கு முன் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.