பதில்: பள்ளி முடித்ததும் நேரே என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) போக முடியுமா?

மகன் ஜூனில் பள்ளி முடிக்கிறான், ஒருவர் "நேரே என்.பி.ஏ.வில் சேர்க்கிறேன்" என்று ஒப்பந்தம் நீட்டுகிறார், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். டிராஃப்ட் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நடக்கும் வருடத்துக்குள் 19 வயது ஆக வேண்டும். அமெரிக்காவில் படித்தவனென்றால், பள்ளி முடிந்து ஒரு என்.பி.ஏ. சீசனும் கடந்திருக்க வேண்டும். கோபி பிரையன்ட் (1996), லெப்ரான் ஜேம்ஸ் (2003) போல பள்ளியிலிருந்து நேரே போவதெல்லாம் 2005 டிராஃப்டோடு நின்றுவிட்டது. பள்ளி முடித்தவர்களுக்கு மாற்றுவழியாக இருந்த, ஜி லீக்கின் (என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக்) இக்னைட் அணியையும் 2024-ல் மூடிவிட்டார்கள்.

திறமை இருப்பவனை வயதைக் காட்டி நிறுத்துவது அநியாயம், இந்த விதி போகணும் என்பதுதான் என் கருத்து. ஆனாலும் 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். ஒப்பந்தத்தில் பிற்கால வருமானத்தில் பங்கு கேட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஒரு வக்கீலிடமும், சேரப்போகும் கல்லூரியிலும் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.