முன்னால் ஸ்கீ, பின்னால் பெல்ட்: வாசகர் கேள்வி பதில்

ஒரு வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றுகிறது போல. மண்பாதைப் பந்தயத்துக்கென்று செய்த மோட்டோகுரோஸ் பைக் ஒன்று, முன்சில்லு இருக்கவேண்டிய இடத்தில் ஸ்கீ என்கிற அகலமான சறுக்குப் பலகை, பின்சில்லுக்குப் பதிலாக நீளமான றப்பர் பெல்ட், இடுப்பளவு ஸ்னோவுக்குள் புகுந்து மலை ஏறுகிறது. ஸ்னோ பைக் என்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளே போதுமென்கிற அளவுக்கு இருப்பதால் இந்த முறை வேறெதையும் எடுக்கவில்லை. கார்பரேட்டரில் பெற்றோல் ஒழுகுது என்று எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோ உண்மைதானா? சில்லைக் கழற்றிப் பெல்ட்டைப் பூட்டினால் ஓடுமா, எஞ்சினையும் மாற்றவேண்டுமா?
– வாசகர், சாம்பல்தீவு

உண்மைதான், எஞ்சினைத் தொடவேண்டியதில்லை. எஞ்சின், கியர், கிளச், ஹாண்டில் எல்லாம் இருந்தபடியே இருக்கும். கழற்றுவது இரண்டு சில்லுகளையும், பின்சில்லைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மையும், பின் ஷொக்கையும்தான். முன் ஃபோர்க்கில் அச்சு போகிற இடத்தில் ஸ்கீயைப் பூட்டுவார்கள். அடியில் நீளவாக்கில் விளிம்பு ஒன்று இருக்கும், திருப்பும்போது பிடிமானம் அதுதான். பின்னால் வருவது அலுமினியச் சட்டமும், அதற்கென்றே தனி ஷொக்குகளும், பல்லுள்ள உருளையும், அதைச் சுற்றி ஓடுகிற பெல்ட்டும். ஸ்விங் ஆர்ம் பூட்டியிருந்த அதே துளையில் இது மாட்டிக்கொள்ளும், பழைய ஷொக் இருந்த இடத்தில் தாங்கு கம்பி ஒன்று வரும். எஞ்சினிலிருந்து வருகிற செயின் ஒரு இடை அச்சைச் சுற்றும், அந்த அச்சு பெல்ட் உருளையைச் சுற்றும், அவ்வளவுதான் விஷயம்.

பெல்ட்டின் முழுச் சுற்று நீளம் வழக்கமாக 120 அல்லது 129 அங்குலம், அதாவது 3 மீற்றருக்கு மேல். அதில் வரிசையாக நிற்கும் றப்பர்ப் பற்கள் இரண்டரை, மூன்று அங்குல உயரம். முன்சில்லோடு முன் பிரேக்கும் போய்விடும், ஸ்கீயும் பெல்ட்டும் சேர்ந்த இந்தத் தொகுதியைக் கிட் என்பார்கள், அதிலேயே ஒரு டிஸ்க் பிரேக் இருக்கிறது, அது பெல்ட்டைப் பிடிக்கும். பழகியவர்கள் சில மணி நேரத்தில் மாற்றிவிடுவார்கள், கோடை வந்ததும் மறுபடி சில்லைப் பூட்டி மண்ணில் ஓடுவார்கள். ஒரே பைக், இரண்டு பருவம். சில்லுள்ள பைக்கை எப்படிச் சரித்துத் திருப்புவீர்களோ அப்படியே இதையும் சரித்துத்தான் திருப்பவேண்டும், ஆசையே அதில்தான்.

எங்களிடம் பழைய ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பைக் ஒன்று நிற்கிறது. நிலாவெளிக் கடற்கரை மணலில் சில்லு புதைகிறது. இந்தக் கிட்டை இறக்கிப் பூட்டினால் மணலில் பறக்கலாமே?
– நண்பர்கள் நாலுபேர், நிலாவெளி

தம்பிமார், வேண்டாம். காசு இருந்தாலும் வேண்டாம். ஏனென்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கிட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டிய முக்கியமான சங்கதியே இதுதான்.

பெல்ட்டின் உள்பக்கம் நீளமாக இரண்டு தண்டவாளம் இருக்கும். வண்டியின் பாரம் பெரும்பாலும் அதன் மேல்தான் இறங்குகிறது. தண்டவாளத்தின் அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டி ஒன்று, ஸ்லைடர் என்பார்கள், அதை உரசிக்கொண்டு பெல்ட்டில் பதித்த உலோகக் கிளிப்புகள் ஓடும். அந்த இடத்தில் கிறீஸ் கிடையாது, எண்ணெய் கிடையாது. பெல்ட் தூக்கி எறிகிற ஸ்னோ உள்ளே விழுந்து, உருகி, அந்தத் தண்ணீர்தான் உரசலைக் குறைத்துச் சூட்டையும் எடுக்கிறது. ஆக ஸ்னோ என்பது இந்த வண்டி ஓடுகிற தரை மட்டுமில்லை, வண்டியின் ஒரு பாகமே அதுதான். ஸ்னோ இல்லாத தார் ரோட்டில் கொஞ்சத் தூரம் வேகமாக ஓடினாலே அந்தப் பிளாஸ்டிக் சூடேறி உருகத் தொடங்கிவிடும். தார் ரோடு கிடக்கட்டும், கனடாவிலேயே ஸ்னோ இறுகி ஐஸாகிப்போன பாதையில் இந்தப் பிரச்சினை வருகிறது, அதனால் தண்டவாளத்தில் கம்பிச் சுருள் மாதிரி ஒன்றைப் பூட்டி, அது ஐஸைச் சுரண்டித் தூளாக்கி மேலே எறியும்படி செய்கிறார்கள். அப்படியிருக்க, நிலாவெளியில் மத்தியான வெயிலில் காய்ந்த மணலை அதற்குள் அள்ளிப் போட்டால் என்ன ஆகுமென்று நீங்களே யோசியுங்கள். ஸ்லைடரை மணல் தின்னும், கிளிப்பைத் தின்னும், பேரிங்கைத் தின்னும், மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும்.

மணலில் ஓடத்தான் வேண்டுமென்றால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, டயரில் காற்றைக் குறையுங்கள். டயர் தட்டையாகி நிலத்தில் படுகிற இடம் கூடும், புதைவது குறையும். திரும்பி ரோட்டுக்கு ஏறுமுன் காற்றை நிரப்ப மறக்கவேண்டாம். பாலைவன மணலில் ஓடுகிறவர்கள் கரண்டி கரண்டியாகப் பல் வைத்த பின் டயர் போடுவார்கள், பெல்ட்டில் இருக்கிற பல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. எதுவானாலும் கரைவலை இழுக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் பைக்கோடு போகாதீர்கள், வலையும் போகும் உங்கள் மரியாதையும் போகும்.

நெல் வெட்டுகிற மெஷினின் பழைய றப்பர் பெல்ட் சும்மா கிடக்கிறது. நல்ல வெல்டிங்காரன் இருந்தால் நாமே ஒரு கிட் செய்யலாமா? வயல் சேற்றுக்காவது உதவுமே.
– வாசகர், கிண்ணியா

யோசனை நல்லது, பெல்ட்தான் தவறு. வெட்டு மெஷின் சேற்றில் புதையாமல் போவதும் பைக் ஸ்னோவில் புதையாமல் போவதும் ஒரே காரணத்தால்தான், பாரம் பரந்து விழுகிறது. சும்மா ஒரு கணக்குப் போடுவோம். பைக், கிட், ஓட்டுகிறவர் எல்லாம் சேர்த்து 235 கிலோ, பெல்ட் நிலத்தில் படுகிற இடம் சுமார் ஒரு மீற்றர் நீளம், 28 சென்ரிமீற்றர் அகலம் என்றால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 84 கிராம்தான் வரும். நீங்கள் இரண்டு காலில் நிற்கும்போது உங்கள் பாதம் அழுத்துவது ஏறக்குறைய இதைப்போல இரண்டு மடங்கு. வண்டி போகிற இடத்தில் நீங்கள் இறங்கி நின்றால் நீங்கள்தான் புதைவீர்கள், அவர்களுக்கு அடிக்கடி நடப்பதும் அதுதான்.

ஆனால் வெட்டு மெஷின் பெல்ட்டுக்குள் இரும்புத் துண்டுகள் வரிசையாகப் பதித்திருக்கும், தனி ஆள் தூக்க முடியாத பாரம், மெதுவாக ஊர்ந்து போகவென்று செய்தது. அதைச் சுற்றவே பைக் எஞ்சினின் பலமெல்லாம் போய்விடும், கிளச் தட்டு கருகும். ஸ்னோ பைக்கின் பெல்ட்டில் இரும்புப் பாளம் இல்லை, துணியிழையும் மெல்லிய கம்பும்தான் அதன் எலும்பு. அப்புறம் இன்னொன்று, பைக்கின் அமைப்பை இந்த அளவுக்கு மாற்றிவிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ரோட்டில் இறக்கினால் பொலிஸ்காரருக்கு விளக்கம் சொல்லி முடியாது.

நுவரெலியாவில் ஸ்னோ விழுகிறது என்று போட்டோ வருகிறதே, அங்கே ஓட்டலாமா?
– மாணவர், தம்பலகாமம்

அது தரையில் படிகிற உறைபனி. தை, மாசியில் விடியற்காலையில் புல்லும் தேயிலைக் கொழுந்தும் வெள்ளையாகும், வெயில் ஏறினால் போய்விடும். பெல்ட் அல்ல, செருப்புப் போட்டு நடந்தாலே கலைந்துவிடும்.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்?
– மாணவி, மூதூர்

பைக்குக்குப் பெல்ட் போட்டுப் பார்த்தவர்கள் பலபேர், ஒருவர் பெயரைச் சொல்வது நியாயமில்லை. ஆனால் பெல்ட்டில் ஸ்னோவைக் கடக்கிற கதையில் கனடா, கியூபெக் மாகாணத்து வால்கோர்ட் ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியரைத் தவிர்க்க முடியாது. அவர் ஒரு கராஜ்காரர். 1934இல் பனிக்காலத்தில் அவருடைய சின்ன மகனுக்கு வருத்தம் முற்றியபோது வீதியெல்லாம் ஸ்னோ மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்துவிட்டது. 1937இல் பல்லுருளை சுற்றுகிற பெல்ட் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார், ஆட்களை ஏற்றும் பெரிய ஸ்னோ வண்டிகள் முதலில் வந்தன, 1959இல் ஸ்கி டூ என்ற சின்ன வண்டி வந்தது, அந்த மாதிரி வண்டியைத்தான் ஸ்னோமொபைல் என்கிறார்கள். இன்றைக்குப் பைக்குக்குப் பூட்டுகிற கிட்டிலும் பல்லுருளையும் பெல்ட்டும் அதே அடிப்படைதான்.

கிட்டை வியாபாரமாக நிலைநிறுத்தியதில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டிம்பர்ஸ்லெட் கம்பனிக்குப் பெரிய பங்கு, 2015இல் அதை ஸ்னோமொபைல் செய்கிற போலாரிஸ் கம்பனி வாங்கியது. 2017இல் அமெரிக்காவின் ஆஸ்பனில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் ஸ்னோ பைக் ஓட்டப்போட்டி முதல்தடவையாக வந்தது, தங்கம் எடுத்தவர் கனடாக்காரர் புரொக் ஹோயர்.

என் மகன் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேலை. இந்தப் பைக் வாங்கப்போகிறேன் என்று நிற்கிறான். ஸ்னோவில் விழுந்தால் அடிபடாது தானே அம்மா என்கிறான். உண்மையா?
– ஒரு தாய், உப்புவெளி

அக்கா, விழுகிற அடி அவ்வளவு பெரிதில்லை என்பது சரிதான், ஆனால் அவர் சொல்லாமல் விட்டது பனிச்சரிவு. பனிப்பாளம் மலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது அந்த மாகாணத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது, 30 பாகைக்கு மேல் சாய்வான இடங்கள்தான் பெரும்பாலும் ஆபத்து, ஸ்னோ பைக்காரருக்கு ஆசை வருகிற இடமும் அதேதான். மரங்களுக்கு நடுவே, ஒடுங்கிய சரிவில், ஸ்னோமொபைல் போகமுடியாத இடத்துக்கெல்லாம் இது போய்விடும் என்பதே இதன் பெருமை, அதுவேதான் பயமும். பைக் வாங்கவேண்டாம் என்று மறிக்கவேண்டாம், இளம் பிள்ளை கேட்கவும் மாட்டார். உடம்பில் கட்டுகிற சிக்னல் கருவி, நீளக் குத்துக்கம்பி, மண்வெட்டி இந்த மூன்றையும் பைக்குக்கு முன்னமே வாங்கச் சொல்லுங்கள், பயிற்சி வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். தனியாகப் போகவே கூடாது, புதைந்தவரைத் தோண்டி எடுப்பது கூடப்போனவர்தான், ஹெலிகொப்டர் வரும்வரை நேரம் இருக்காது. போகுமுன் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு வெளியிடுகிற அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தாரா என்று போனில் கேளுங்கள். தாய் கேட்டால் பார்ப்பார்கள்.

நான் உவர்மலைப் பொடியன், இப்போது ஒன்ராறியோ. 250 சிசி கார்பரேட்டர் பைக் ஒன்று இருக்கிறது. அதற்கே கிட் பூட்டலாமா? பழைய கிட் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

பூட்டலாம், ஆனால் ஏமாற்றமாக இருக்கும். ஆழமான ஸ்னோவில் பெல்ட்டைச் சுற்றுவது சும்மா வேலையில்லை, அதனால்தான் 450 சிசி நாலு ஸ்ட்ரோக் பைக்கைத் தேடுகிறார்கள், சிலர் 300 இரண்டு ஸ்ட்ரோக். அதுவும் 50, 60 குதிரைவலுதான், மலைக்கென்று செய்த 850 ஸ்னோமொபைல் 150ஐத் தாண்டும், பலத்தில் அதோடு போட்டி போடாதீர்கள். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பைக் எடுங்கள், தொடையளவு ஸ்னோவில் நின்றுகொண்டு கிக் அடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

கார்பரேட்டர் என்றபடியால் ஒன்று சொல்லவேண்டும். குளிர்காற்று அடர்த்தி கூடியது, ஒக்சிசன் கூட வரும், பெற்றோல் போதாமல் எஞ்சின் காயும், அதற்குப் பெரிய ஜெட், அதாவது பெற்றோல் வருகிற துளை பெரிதாக உள்ளது, தேவை. உயரத்துக்குப் போனால் காற்று மெலிந்து எதிர்ப்பக்கம் இழுக்கும், திருகோணமலையில் நன்றாக ஓடுகிற பைக் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் மூச்சுவாங்குவது அதனால்தான். மலைக்குளிரில் இந்த இரண்டும் ஒன்றாக வரும், இன்ஜெக்ஷன் பைக் தானே சரிசெய்துகொள்ளும், உங்களுடையதை நீங்கள்தான் செய்யவேண்டும்.

அதோடு, மோட்டோகுரோஸ் எஞ்சின் குளிரில் சூடேறவே மாட்டாது, ரேடியேட்டர் லைனில் தெர்மொஸ்டாட் போடவேண்டியிருக்கும். எஞ்சின் மூச்சுவிடுகிற சின்னக் குழாய் ஐஸ் பிடித்து அடைத்தால் அழுத்தம் ஏறி எண்ணெய் சீல் பிய்த்துக்கொண்டு வரும், ஃபில்டருக்குள் ஸ்னோத்தூள் போய் உறைந்தால் எஞ்சின் மூச்சுத்திணறி நிற்கும், இரண்டுக்கும் தனி உறையும் வழியும் விற்கிறார்கள். எண்ணெயைக் கோடையைவிட அடிக்கடி மாற்றுங்கள்.

ஒன்ராறியோவில் ஸ்னோமொபைல் பாதைகளைக் கழகங்கள் நடத்துகின்றன, அனுமதிச்சீட்டு வேண்டும், பைக்கை விடுவார்களா என்று உங்கள் இடத்துக் கழகத்தைக் கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள். இறுகிய பாதை ஸ்கீயை அங்குமிங்கும் இழுக்கும், ஸ்லைடரும் சூடாகும், அந்தக் கம்பிச் சுருள் பூட்டியிருக்கிறதா பாருங்கள்.

பழைய கிட்டில் நான் முதலில் குனிந்து பார்ப்பது ஸ்லைடரின் தடிப்பு. அப்புறம் பெல்ட்டைக் கையால் சுற்றிப் பற்கள் கிழிந்திருக்கா, கிளிப் கழன்றிருக்கா, பேரிங் கரகரக்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்கவேண்டும். அலுமினியச் சட்டம் வளைந்திருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். பைக்கோடு இணைக்கிற துண்டுகள் ஒவ்வொரு மொடலுக்கும் வேறு, விற்கிறவர் யமஹாவில் பூட்டியிருந்து நீங்கள் ஹொண்டா வைத்திருந்தால் அந்தத் துண்டுகளைத் தனியாக வாங்கவேண்டும், பேரம் பேசும்போது அந்தக் காசைக் கழித்துக் கேளுங்கள்.