மதுரையிலேயே இருந்துகொண்டு மதுரையைச் சுற்றிப் பார்க்க: கேள்வி பதில்

நகரிலிருந்து 30 கிலோமீட்டருக்குள், விடிகாலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். சமணக் குகை, குடைவரை (பாறையைக் குடைந்து செய்த கோயில்), கல்வெட்டு என்றால் விரிவாகச் சொல்கிறேன். ஹோட்டல், ரிசார்ட் கேட்டால் பதில் வராது.

புதூர்வாசி: இத்தனை வருஷம் இருந்தும் மீனாட்சி கோயில், மகால் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. முதலில் எங்கே போகலாம் சார்?

கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்னாலேயே பிரிந்து போக வேண்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். ஆறு மணிக்கு அங்கே நிற்கிற மாதிரி கிளம்புங்கள். கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளத்துக்குப் போகும். சுனைக்கு மேலே பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் பெரியோர் சிற்பங்கள். பெரும்பாலும் 9, 10-ஆம் நூற்றாண்டு.

சிற்பத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பாதீர்கள். பலவற்றின் கீழே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்து வகை ஒன்றில், யார் செய்வித்தது என்று எழுதியிருக்கும். அச்சணந்தி என்ற துறவியின் பெயர் இந்த வட்டாரத்து மலைகளில் பல இடங்களில் வரும். இங்கே இருப்பதில் ஒன்றைச் செய்வித்தவர் அவருடைய தாயார் குணமதியார். முடிவில் 'செய்வித்த திருமேனி' என்று வரும். அந்த இரண்டு சொல்லைக் கண்ணில் பிடித்துவிட்டால் அடுத்த மலையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

இறங்கி, மலையை ஒட்டி இன்னொரு பக்கம் நடந்தால் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர், உள்ளே கூரையை ஒட்டி இன்னும் சில சிற்பங்கள். மொத்தம் மூன்று மணி நேரம். ஒன்பதரைக்கு இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் பாறை அடுப்புக்கல் மாதிரி ஆகிவிடும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: எட்டு வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

தாராளமாக. ஏறுவதில் பயமில்லைங்க. இறங்கும்போதுதான் பிள்ளைகள் ஓடுவார்கள், அங்கேதான் சறுக்கும். நீங்கள் முன்னால், பையன் பின்னால் என்று இறங்குங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே கடை கிடையாது. வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம், ரப்பர் பிடிப்புள்ள ஷூ போடுங்கள். கூடவே ஒரு ஜோடி தடித்த சாக்ஸ். சாமி இருக்கிற இடத்தில் ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றச் சொன்னால் வாதாடாமல் கழற்றிவிட்டு சாக்ஸோடு நடக்கலாம். மலைமேல் கழிப்பறை இல்லை, வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. தின்பண்டத்தைக் கையில் பிடிக்காமல் பைக்குள் வையுங்கள், குரங்கு வரும்.

முக்கியமான ஒன்று: பாறை விளிம்புக்குக் கீழே கறுப்பாகப் பெரிய தேனடை தொங்கினால் அந்தப் பக்கம் பேச்சே வேண்டாம். புகை, சென்ட் வாசனை, கல்லெறி மூன்றும் மலைத்தேனீயைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தண்ணீரில் குதிக்கக் கூடாது, மேலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும்.

அருவிப்பிரியன்: பக்கத்தில் அருவி ஏதும் உண்டா?

அருவி என் பாடம் இல்லை.

ரயில்வே காலனி: அப்பாவுக்கு முழங்கால் வலி. அவரால் மலை ஏற முடியாது.

ஒத்தக்கடை, நரசிங்கம். யானைமலை அடிவாரத்திலேயே குடைவரை, மலையேற்றம் கிடையாது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்தது. கல்வெட்டில் கலி ஆண்டு 3871 என்று இருக்கிறது, அதாவது கி.பி. 770. அவர் குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி முடித்தார். இவ்வளவும் அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. வழிபாட்டில் இருக்கும் கோயில், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

மாலையில் அவரை வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப் போய்ச் சுற்றுச்சுவரில் உட்கார வையுங்கள். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது.

வரலாற்று மாணவன்: அய்யா, மாங்குளம் மலைக்குப் போனோம். கல்வெட்டு கண்ணுக்கே தெரியவில்லை. சாக்பீஸ் தேய்த்தால் தெரியும் என்கிறார்களே?

கூடவே கூடாது தம்பி. சாக்பீஸ், மாவு, விபூதி, கரி எதுவும் கூடாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாங்குளத்தில் இருப்பது தமிழி, அதாவது தமிழ் எழுத்தின் மிகப் பழைய வடிவம். அதில் 'ர' என்பது செங்குத்தான ஒரு கோடு. 'க' என்பது கூட்டல் குறி. இரண்டாயிரம் வருஷத்துப் பாறையில் வெடிப்பு இல்லாமல் இருக்காது. 'ர'வின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடுகிறது, நீங்கள் அதன்மேலும் சாக்பீஸைத் தேய்க்கிறீர்கள் என்று வையுங்கள். 'ர' உங்கள் கையாலேயே 'க' ஆகிவிட்டது. அடுத்து வருகிறவர் கல்லைப் படிக்க மாட்டார், உங்கள் கோட்டைத்தான் படிப்பார். மாவு போட்டால் எறும்பு, பூஞ்சை. தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு உதிரும்.

மாற்று வழி டார்ச். காலை ஏழுக்குள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். ஒருவர் கறுப்புக் குடையைப் பிடித்து எழுத்தின்மேல் நிழல் விழச் செய்யட்டும். டார்ச்சைப் பாறையோடு ஒட்டின மாதிரி, கிட்டத்தட்ட படுக்கவைத்து, இடப்பக்கமிருந்து அடியுங்கள். பள்ளம் கறுத்து, எழுத்து எழுந்து நிற்கும். நேராக அடித்தால் எல்லாம் ஒரே வெளுப்பு, ஒன்றும் தெரியாது. போனின் ஃபிளாஷை அணைத்துவிட்டு இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்க வெளிச்சத்திலும் ஒவ்வொரு படம். நான்கையும் ஒப்பிடுங்கள்: வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடு மங்கும், அதற்குக் குறுக்கே ஓடும் கோடு எடுப்பாகத் தெரியும். ஒரே ஒரு படத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

மேலூர்க்காரன்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொல்லியல் துறையே கல்லில் மை பூசித்தான் படியெடுக்கிறது. நாங்கள் சாக்பீஸ் போட்டால் மட்டும் குற்றமா?

மை கல்லில் படுவதில்லைங்க. கல்லைச் சுத்தம் செய்து, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, தாள் கொஞ்சம் காய்ந்த பிறகு தாளின்மேல்தான் மை ஒற்றுவார்கள். பள்ளத்தில் இறங்கிய இடம் மை படாமல் வெள்ளையாக நிற்கும். தாளை உரித்ததும் கல் பழையபடி இருக்கும்.

மேலூர்க்காரன்: சில குகைகளில் பழைய வெள்ளைப் பூச்சு இருக்கிறதே, அது யார் பூசியது?

யார் பூசியிருந்தாலும் தப்புத்தான். ஒரு தப்பைக் காட்டி இன்னொன்றுக்கு அனுமதி வாங்க முடியாது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் வருஷச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தமிழாசிரியை: சாக்பீஸ் இல்லாமல் நாற்பது மாணவிகளுக்கு எப்படிக் காட்டுவது? எல்லோரும் டார்ச் பிடிக்க முடியுமா?

நியாயமான கேள்விங்க டீச்சர். நாற்பது பேரைக் குகைக்குள் விடாதீர்கள், எட்டெட்டுப் பேராக அனுப்புங்கள். கல்வெட்டின் படியை முன்னாலேயே பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டால் எந்தக் கோட்டைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். காத்திருப்பவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கையில் தலையணை மேடு எந்தப் பக்கம்? மழைநீர் உள்ளே வழியாமல் குகை நெற்றியில் வெட்டிய காடி எங்கே? பந்தல்கால் நட்ட குழிகள் எத்தனை?

மேலூர்க்காரன்: சரி, சாக்பீஸை விடுகிறேன். ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கற்படுக்கை பஞ்சபாண்டவர் படுக்கைதான்.

சண்டையே இல்லை. படுத்தவர்கள் சமணத் துறவிகள், கல்வெட்டே சொல்கிறது. ஆனால் வழி கேட்கும்போது 'சமணர் படுக்கை எங்கே' என்றால் ஆடு மேய்க்கிறவர் முழிப்பார், 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். குறிப்பெடுக்கும்போது இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

பைக் ரைடர்: அரிட்டாபட்டி போகலாமா? டங்ஸ்டன் பிரச்சினை முடிந்துவிட்டதா? ட்ரோன் விடலாமா?

போகலாம். டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். அங்கே ஒரு சிவன் குடைவரை இருக்கிறது, லகுலீசர் (சைவத்தின் பாசுபதப் பிரிவின் குரு) சிற்பத்தைத் தவற விடாதீர்கள், தமிழ்நாட்டில் அபூர்வம்.

ட்ரோன் வேண்டவே வேண்டாம். லகுடு வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராசாளிக் கழுகும் இருக்கிற பாறை அது. ட்ரோனைக் கண்டால் பறவை கூட்டை விட்டு எழும்பும், முட்டை வெயிலில் வெந்துபோகும். சைலன்சர் கழற்றின பைக்கை ஊருக்கு வெளியே நிறுத்துங்கள்.

அனுப்பானடி: கீழடியில் தோண்டிய பள்ளத்தை நேரில் பார்க்க முடியுமா?

பள்ளத்துக்காகப் போனால் ஏமாறுவீர்கள், அகழாய்வு முடிந்ததும் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். அருங்காட்சியகத்துக்காகப் போங்கள். 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீட்டு அமைப்பு. ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமான் தாண்டி. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பானை ஓட்டில் கீறிய பெயர்களைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். மாங்குளம் மலையில் இருக்கும் அதே தமிழி எழுத்து, இங்கே கத்திமுனையால் அவசரமாகக் கீறினது.

குடும்பஸ்தன்: கார் மலை உச்சி வரை போகுமா? பக்கத்தில் அருவி?

போகாது. அருவி பற்றி முன்னாலேயே பதில் சொல்லியாகிவிட்டது.

சென்னை மாப்பிள்ளை: ஜிகர்தண்டா எங்கே நல்லது? மீனாட்சி கோயிலுக்குள் போட்டோ எடுக்கலாமா?

முதல் கேள்வியை மாமனாரிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு, செல்போனே உள்ளே கொண்டு போக முடியாது, வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மத்தியானம் நடை சாத்துவதையும் கணக்கில் வையுங்கள்.

தோழிகள் குழு: மழைக்காலத்தில் மலை பச்சையாக இருக்குமே, அக்டோபரில் வரலாமா?

மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு வாருங்கள். பாறையில் தண்ணீர் வழிந்த தடம் கறுப்பாகத் தெரியும், அது பாசி. காய்ந்தால் பிடிக்கும், நனைந்தால் எண்ணெய் தடவின தோசைக்கல்தான். கறுப்பை விட்டு வெளுத்த பாறையில் மட்டும் கால் வையுங்கள்.

புளியங்குளம்: அருவி...

அடுத்த கேள்வி.

வரலாற்று மாணவன்: அய்யா, போன தடவை எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் தெளிவாக 'க' தெரிகிறது. புத்தகத்தில் 'ர' என்று போட்டிருக்கிறார்கள். புத்தகம் தப்பா?

குறுக்குக் கோடு எழுத்தோடு நின்றுவிடுகிறதா, பக்கத்து எழுத்தையும் தாண்டி ஓடுகிறதா? மேலிருந்து டார்ச் அடித்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டு வா தம்பி, பேசலாம்.