லோகோ, பிராண்டிங் வேலைக்கு உத்வேகம் எங்கே தேடுவது? பின்டரெஸ்டில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறதே?

கிருஷ்ணகிரியில் லேபிள், பவுச், கடைப் பலகை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் சலிப்பு எனக்கும் உண்டு. பின்டரெஸ்டில் கிடைப்பது முடிந்துபோன படம். அது ஏன் அப்படி வரையப்பட்டது என்ற சங்கதி அதில் இருக்காது. அதனால் நான் அழகானதைத் தேடுவதில்லை. ஏதாவது ஒரு நெருக்கடியைச் சமாளிக்கப் பிறந்த அடையாளங்களைத் தேடிப் பார்ப்பேன்.

சீசனில் எங்கள் பக்கத்து மாங்காய் மண்டி ஒன்றில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிளாஸ்டிக் கிரேட்டுகள் தோப்புக்குப் போய், கூழ் ஆலைக்குப் போய், திரும்ப உரியவரிடமே வந்து சேர வேண்டும். அடுக்கி வைத்தால் கிரேட்டின் குறுகிய பக்கம் மட்டும்தான் வெளியே தெரியும். பெயிண்டில் எழுதிய இரண்டெழுத்தும் பட்டைக் கோடும் அங்கேதான் இருக்கும். இறக்குகிற ஆள் நின்று படிக்க மாட்டார். நிறத்தையும் கோட்டையும் பார்த்தே பிரித்துப் போடுவார். அதை எழுதியவருக்கு கோரல்ட்ரா போன்ற வடிவமைப்பு மென்பொருள் தெரியாது. ஆனால் யார், எங்கிருந்து, எவ்வளவு அவசரத்தில் பார்ப்பார் என்பது தெரிந்திருக்கிறது.

அப்புறம் தருமபுரி அகழ்வைப்பகம், அதாவது தொல்லியல் அருங்காட்சியகம். அங்கே இருக்கிற நடுகற்களை, அதாவது செத்த வீரர்களுக்காக நட்ட கற்களை, வரலாறாக மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கல்லில் வெட்டியிருக்கிற வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்க வராது. இருந்தும் கையில் வில், இன்னொரு கையில் வாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் மாடு என்றால், ஆநிரைக்காக நடந்த சண்டையில் செத்தவன் என்று புரிந்துவிடுகிறது. மாட்டுக்குப் பதில் பாய்கிற புலி இருந்தால் கதை வேறு. உடல் வடிவம் கல்லுக்குக் கல் ஏறக்குறைய ஒன்றுதான், மாறுவது ஓரிரண்டு பொருள்கள் மட்டுமே. ஒரே கம்பெனி பத்து வகைத் தின்பண்டம் போடும்போது எதை மாற்றக் கூடாது, எதை மாற்றலாம் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அதற்கான விடையை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்க்கவில்லை.

கட்சி அபிமானத்தை ஒதுக்கிவிட்டுத் தேர்தல் சின்னங்களையும் பாருங்கள். 1951-52 பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அந்தத் தேவையில் வந்தவை அவை. பின்னாளில் தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்ற ஓவியர் பல சின்னங்களைப் பென்சிலால் வரைந்தார். நிறம் இல்லை, பளபளப்பு இல்லை, வெறும் கறுப்புக் கோடு. உங்கள் லோகோவை வாக்குச்சீட்டுச் சின்னத்தின் அளவில் கறுப்பில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், நிறத்தை நம்பி எவ்வளவு ஏமாற்றியிருக்கிறோம் என்று தெரியும்.

பெரிய பிராண்டுகளிலும் இதே கண்ணோடு பார்த்தால் விஷயம் கிடைக்கும். 1915-இல் கோக் பாட்டிலுக்குக் கேட்கப்பட்ட நிபந்தனை, இருட்டில் தடவினாலும், உடைந்து கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பது. ஃபெட்எக்ஸ் கூரியர் கம்பெனி லோகோவின் எழுத்துகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிற அம்பை எல்லோரும் சிலாகிக்கிறார்கள். 1994-இல் அதை வடிவமைத்த லிண்டன் லீடர் அதைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. எழுத்துருக்களைக் கலந்து, இடைவெளியைத் திருத்தித் திருத்திப் போகும்போது ஆங்கில எழுத்துகளான 'ஈ'-க்கும் 'எக்ஸ்'-க்கும் நடுவில் அது உருவாக வாய்ப்பிருப்பதைக் கண்டுகொண்டார். இது தெரியாமல் நம் ஊரில் கண்ட எழுத்துக்குள்ளும் மாம்பழத்தைத் திணிக்கிறார்கள்.

நமக்கு வேலை எழுத்திலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்து காவேரிப்பட்டினம் நிப்பட்டுக்கு (தட்டை மாதிரியான பண்டம்) ஒரு பவுச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். 'நிப்பட்டு' என்பதில் இரண்டு புள்ளிகள். மலிவான பிரிண்டிங்கில் சின்னப் புள்ளி மை பரவிக் கீழே இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது காணாமல் போகும். அதைத் தவிர்க்கப் புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து தள்ளி வைத்தே ஆக வேண்டும். பெரிதாக்கியபின் பாருங்கள், தட்டையான இரண்டு வட்டங்கள், நிப்பட்டு மாதிரியே! ஓரத்தைக் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் விட்டால் போதும், தனியாகப் படம் போட வேண்டியதில்லை. பத்து அடி தள்ளி, கடைக் கம்பியில் தொங்கும்போதும் அந்த வட்டங்கள் தெரியும்.

பின்டரெஸ்டை அடியோடு விடச் சொல்லவில்லை. உங்கள் கையில் ஒரு வரைவு வந்தபிறகு அதைத் திறந்து பாருங்கள், அதே யோசனை வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று சரிபார்க்க. அப்படியே டிரேட்மார்க் பதிவேட்டிலும் ஒரு தேடல் போட்டுவிடுங்கள். அரசு இணையதளத்தில் அது இலவசம். பதிவேட்டில் பொருள்கள் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: நிப்பட்டு போன்ற மாவுப் பண்டம் என்றால் 30-ஆம் வகுப்பு, மாங்கூழ் 29, பழமாகவே விற்பவர் 31. வாடிக்கையாளர் பவுச்சை அச்சடிக்கும் சிலிண்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும்.