க்ளாக் ஒன்றுதான், ஃபேஸ் ஏன் நகர்கிறது?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில், வீட்டு மாடியில் இரண்டு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்களை (யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்கள்) ஒரே 28.8 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் (சீரான துடிப்பு தரும் சுற்று) ஓட்டுகிறேன். 145 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். ஆனால் இரண்டுக்கும் இடையிலான ஃபேஸ் (அலைகளின் கட்ட வித்தியாசம்) நிற்பதே இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று போகிறது, சில சமயம் பின்னோக்கியும் வருகிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வேறு கோணத்தில் தொடங்குகிறது. ஜிபிஎஸ் க்ளாக் வாங்கினால் சரியாகுமா? புதுச்சேரியில் இருக்கும் நண்பரும் ஒரு ரிசீவர் வைத்துச் சேர ஆசைப்படுகிறார்.

பதில்: ஜிபிஎஸ் க்ளாக்கை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் க்ளாக் கொஞ்சம் தள்ளிப்போனாலும் இரண்டு டாங்கிளும் சேர்ந்தேதான் தள்ளிப்போகும். நீங்கள் அளப்பது வித்தியாசத்தை, அதில் அந்தப் பிழை கழிந்துவிடும்.

நீங்கள் சொன்ன ஐந்து நிமிடக் கணக்கே பாதி விடையைத் தருகிறது. 300 விநாடிக்கு ஒரு சுற்று என்றால், 145 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய நாலாயிரம் கோடியில் ஒரு பங்கு வித்தியாசம். தனித்தனி கிரிஸ்டல்கள் இவ்வளவு ஒத்துப்போகாது; 0.1 பிபிஎம் (கோடியில் ஒரு பங்கு) விலகினாலே விநாடிக்குப் பதினான்கு சுற்றுக்கு மேல் ஓடியிருக்கும். ஆகவே க்ளாக் இரண்டுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. கோளாறு அதற்குப் பிறகு இருக்கிறது.

அதை உறுதிசெய்ய ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு, ஒரே சிக்னலை ஸ்ப்ளிட்டர் வழியாக, சம நீளக் கேபிள்களில் இரண்டுக்கும் கொடுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஃபேஸ் அப்போது அசையாமல் நின்றால் ஆன்டெனா, கேபிள் பக்கம் தேடுங்கள். கடற்கரையில் இருக்கிறீர்கள், உப்புக் காற்றில் கனெக்டரில் களிம்பு ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அப்போதும் நகர்ந்தால், உங்கள் டியூனர் (டாங்கிளில் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் சிப்) ஆர்820டி வகையாக இருக்கும்பட்சத்தில், எனக்கு முதல் சந்தேகம் டிதரிங் மீதுதான். டியூனருக்குள் இருக்கும் பிஎல்எல் (க்ளாக்கோடு பூட்டி அலைவரிசையை உருவாக்கும் சுற்று) தன் பின்ன எண்ணை வேண்டுமென்றே சிறிது குலுக்குகிறது; அதுதான் டிதரிங். இரண்டு சிப்பும் தனித்தனியாகக் குலுக்குவதால் ஃபேஸ் முன்னும் பின்னும் அலைகிறது. ஒரே டாங்கிளில் ரேடியோ கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. கிராக்கன் ஆர்எஃப் வெளியிட்ட லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர் (டாங்கிளை இயக்கும் மென்பொருள்) பதிப்பில் டிதரிங்கை அணைக்கும் வசதி உண்டு. அலைவரிசையை வைப்பதற்கு முன்பே அதை அணைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பலன் இல்லை.

ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் தொடங்குவது கோளாறே அல்ல. பிஎல்எல் எந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யுஎஸ்பி வழியே சாம்பிள்கள் (சிக்னலின் எண் அளவீடுகள்) வரத் தொடங்கும் நேரமும் மாறும். அதனால் அலைவரிசையை மாற்றும்போதெல்லாம் ஒரு நாய்ஸ் சோர்ஸை (பேண்ட் முழுக்க இரைச்சல் தரும் கருவி) இரண்டுக்கும் கொடுத்து, முதலில் சாம்பிள் தாமதத்தையும் பிறகு ஃபேஸையும் அளந்து கழியுங்கள். அளக்கும்போது ஆன்டெனா துண்டிக்கப்பட்டிருக்கட்டும்.

நாய்ஸ் சோர்ஸை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள் வேகத்தில் ஒரு சாம்பிள் விடுபட்டால், மையத்திலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள சிக்னலின் ஃபேஸ் 15 டிகிரி குதிக்கும். மையத்திலேயே இருக்கும் சிக்னல் அசையாது. ஒற்றை டோனை மையத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது. பேண்ட் முழுக்க ஃபேஸ் சாய்வாகத் தெரிந்தால் சாம்பிள்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். யுஎஸ்பி ஹப்பை மாற்றிப் பாருங்கள்.

மாடி வெயிலும் ஃபேஸை மெல்ல இழுக்கும். டாங்கிள்கள் இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் இறுக்கி நிழலில் வையுங்கள். சூடு சமமான பிறகே அளவெடுங்கள்.

புதுச்சேரி நண்பருக்குத்தான் ஜிபிஎஸ் க்ளாக் தேவைப்படும், உங்களுக்கும் ஒன்று. அதிலும் ஃபேஸை ஒப்பிட நினைக்காதீர்கள்: 10 நானோவிநாடி பிழையே 145 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரைச் சுற்று. சிக்னல் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளப்பதாக இருந்தால் அதே பிழை வெறும் 3 மீட்டர்தான். ஆனால் இரண்டு இடங்கள், சிக்னல் எங்கேயும் இருக்கக்கூடிய ஒரு வளைகோட்டைத்தான் தரும். இடத்தைக் குறிக்க மூன்றாவது நிலையம் வேண்டும். அதையும் கடலோரத்திலேயே வைத்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்துவிடும். பண்ருட்டி அல்லது விழுப்புரம் பக்கம் யாராவது கிடைக்கிறார்களா பாருங்கள்.