மருத்துவர் பதில்கள்: ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையும் குழந்தையின் நரம்புகளும்

கேள்வி: ஆறு வயது மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. சில வாரங்களாக நடக்கும்போது பாதம் ‘டப் டப்’ என்று தரையில் அடிக்கிறது. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. நோய் மூளைக்குப் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இது நோயல்ல, வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசியின் விளைவு. நரம்பு இழைக்குள் சரக்குக் கடத்தும் நுண்குழாய்களை அந்த மருந்து குலைக்கும். நீளமான நரம்பே முதலில் அடிபடும் என்பதால் பாதத்தில் தொடங்குகிறது. குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முன்பாதம் தூக்க வரவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தாடை வலி, இமை தொங்குதல், குரல் கம்முதல், மலச்சிக்கல் எல்லாம் இதே மருந்தால் வரலாம். மலச்சிக்கலுக்கு எனிமா மட்டும் வேண்டாம். ரத்த வெள்ளணு குறைந்திருக்கும்போது எனிமாவால் கிருமி ரத்தத்தில் ஏறக்கூடும். லாக்டுலோஸ் போன்ற மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

பூஞ்சைத் தொற்றுக்கு வோரிகோனசோலோ இட்ராகோனசோலோ கொடுக்கிறார்களா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். அவை வின்கிரிஸ்டின் கல்லீரலில் சிதைவதைத் தடுப்பதால் பாதிப்பு பல மடங்காகும். பிசியோதெரபியில் கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சியும், தேவைப்பட்டால் கணுக்கால் தாங்கியும் தருவார்கள். பாதிப்பு குணமாவதற்குச் சில மாதங்கள் ஆகும். நீங்களாக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் முதுகு வலியோடு இரண்டு காலும் தளர்ந்து, சிறுநீரும் நின்றால் அது தண்டுவடப் பிரச்சினையாக இருக்கலாம், அன்றே ஓடுங்கள்.

கேள்வி: முதுகில் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் ஊசி போட்டு ஒன்பதாம் நாள் மகளுக்குப் பேச்சு நின்று, வலது கை விழுந்தது. இரண்டு நாளில் சரியானது. அதே ஊசியை மறுபடி போடலாமா?

பதில்: பக்கவாதம் போலவே தெரியும் இந்தப் பாதிப்பு, ஊசி போட்டு ஏறக்குறைய 2 முதல் 14 நாளுக்குள் வரும். கூடிக் குறைந்து, பெரும்பாலும் சில நாளில் முழுதாகத் தெளியும். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள்; மாற்றம் அதில்தான் முதலில் தெரியும். ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துகள் பல மூளைக்குப் போதிய அளவு போய்ச் சேராது. அதனால்தான் முதுகு வழியாகத் தருகிறார்கள், பயத்தில் நிறுத்தினால் நோய் அங்கே தங்கிவிடும். பெரும்பாலான குழந்தைகள் மறுபடி போட்டாலும் தாங்குகிறார்கள். சிலருக்குச் சில முறை மட்டும் வேறு மருந்துக்கு மாற்றுவதுண்டு.

முதுகு ஊசிக்குப் பின் வரும் சாதாரணத் தலைவலி படுத்தால் குறையும். அஸ்பராஜினேஸ் என்ற புற்றுநோய் மருந்து கொடுக்கும் நாட்களில், படுத்தாலும் குறையாத தலைவலியோ வாந்தியோ வலிப்போ வந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். மாத்திரை கொடுத்துக் காலை வரை காத்திருக்காமல், இரவானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.